செல்லக் காரைக் கொடுத்து முரட்டுக் காரை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறைபோட்டு மூடி, வாரம் ஒருமுறை துடைத்து, மேகம் கறுத்தால் வெளியே எடுக்கவே தயங்கும் நிலைக்கு வந்துவிட்டால், காரை ஓட்டி மகிழ்ந்த நீங்கள் மெல்ல அதன் காவலாளி ஆகிவிட்டீர்கள் என்று பொருள். எனக்கும் அப்படி ஒரு கார் இருந்தது. 11 ஆண்டுகள் வைத்திருந்தேன். கடைசி ஓராண்டில் அது 300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதைக் கொடுத்துவிட்டு, கதவு நசுங்கிய, இருக்கை கிழிந்த, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் உள்ளம் துள்ளும் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டேன். இப்படி மாற்றிக்கொள்வது நல்ல முடிவு என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அதில் வழுக்கி விழ இடங்கள் நிறைய இருக்கின்றன.

முதல் தவறு, புதுக் காரைப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பெரிய பழுதுச் செலவு வந்த வாரத்தில், அலுப்பு உச்சிக்கு ஏறியிருக்கும்போது, "போதும், கொடுத்துவிடலாம்" என்று தீர்மானிப்பதுதான் அது. ஓட்டாமல் நிறுத்திய கார், நின்றதாலேயே கெடும். பேட்டரி இறங்கும், டாங்கில் கிடக்கும் பெட்ரோலின் வீரியம் குறையும், டயர் தரையில் பதிந்த இடம் தட்டையாகும், பிரேக் டிஸ்கில் துரு படரும். சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்கள் வெடித்து, ஷாக் அப்சார்பரும் தளர்ந்துவிட்ட எந்தக் காரும் ஓட்டுவதற்கு மந்தமாகத்தான் இருக்கும். இவற்றைச் சரிசெய்து ஒரு மாதம் தினமும் ஓட்டுங்கள். அதன் பிறகும் அதைக் கூட்டமான இடத்தில் நிறுத்திவிட்டுப் போக மனம் வரவில்லை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அவசரத்தில் கொடுத்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து அதே காரைத் தேடி அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வருத்தம் உண்மையானது.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: முரட்டுக் காருக்கும் இற்றுப்போன காருக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் போவது. பெயின்ட் மங்கியிருப்பது, பம்பரில் கீறல், கிழிந்த இருக்கை, டாஷ்போர்டில் வெடிப்பு, கதவை மூடினால் கேட்கும் கடகட ஓசை, இவையெல்லாம் முரட்டுத்தனம். இவற்றோடு ஆண்டுக்கணக்கில் மகிழ்ச்சியாக வாழலாம். இற்றுப்போவது உடம்புக்குள் நடப்பது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, பாரத்தைத் தாங்கத் தனியாக இரும்புச் சட்டம் (ஃப்ரேம்) கிடையாது. மடித்து ஒட்டவைத்த தகட்டு உடம்பேதான் சட்டம். கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல ஓடும் கதவுப்படி, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடம், பின் சஸ்பென்ஷன் போல்ட் ஏறும் தரைப்பகுதி ஆகியவற்றில் துரு புகுந்துவிட்டால், எலும்பில் நோய் வந்ததற்குச் சமம். அதை வெட்டி எடுத்து வெல்டிங் செய்யும் செலவு, காரின் விலையையே தாண்டிவிடலாம்.

நான் முதலில் பார்க்கப் போன கார் பளபளவென்று இருந்தது. பெயின்ட் புதியது, இருக்கை உறைகளும் புதியவை. விரல் கணுவால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனேன். கதவில் கணீரென்று கேட்டது. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வந்ததும் ஓசை அடங்கி, சுவரைத் தட்டுவதுபோல் ஆனது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் கனமாகப் பட்டி பூசியிருந்தார்கள். குனிந்து, ஜாக்கி வைக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். காய்ந்த சருகு நொறுங்குவதுபோல் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே போய் ஓட்டுநர் பக்கத்துக் கம்பளத்தைத் தூக்கினால், அடிப்பஞ்சு ஈரமாக இருந்தது. அந்தக் காரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. திரும்பி வரும்போது தொண்டை அடைத்தது. இரண்டாவதாகப் பார்த்தது பார்வைக்கு அவலமாக இருந்தது. ஆனால் அடிப்பக்கம் காய்ந்து, கதவுப்படி முழுக்க ஒரே கணீர் ஓசை. அதைத்தான் எடுத்தேன்.

ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கே உரிய நோய் ஒன்று இருக்கும். அதைப் படிக்காமல் பார்க்கப் போவதும் தவறுதான். 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, ஓட்டும் இன்பத்துக்காகவே வாங்கும் கார்களில் உலகம் முழுதும் விரும்பப்படுவது. அதன் துணிக்கூரையில் விழும் நீர், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் நீர் கதவுப்படியின் பின்முனையில் தங்கி, உள்ளிருந்து வெளியே துரு தின்னும். வெளியில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். பிஎம்டபிள்யூ 3 வரிசையின் இ46 மாடலில், பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் தரைத்தகடு விரிசல் விடுவது தெரிந்த குறை. முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் என்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டு பேரிங் உடைந்தால் என்ஜினே போய்விடலாம். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற, பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் கொண்ட ரோட்டரி என்ஜின் காரில், அந்த வகைக்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அளவு) சோதனை செய்யாமல் வாங்கக் கூடாது. இந்தக் கார்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நீங்கள் போய்ச் சேரும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மீது கை வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைச் சொல்லும். கிளப்பியவுடன் ஒரு கொத்து நீலப்புகை வந்து அடங்கினால், வால்வு சீல் வழியாக ஆயில் கசிகிறது என்று ஐயப்படலாம். சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை தொடர்ந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியாத விளக்கைத்தான் கவனிக்க வேண்டும். யாராவது அதன் வாயை அடைத்திருக்கலாம்.

காருக்குக் கார் மாற்றிக்கொள்ளும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. எதிரில் இருப்பவர் உங்கள் செல்லக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்வார். உள்ளம் குளிர்ந்துவிடும். அவருடைய காரின் அடியில் படுத்துப் பார்ப்பதே மரியாதைக் குறைவுபோலத் தோன்றும். கட்டாயம் படுத்துப் பாருங்கள். இரண்டு கார்களுக்கும் தனித்தனியாக விலை குறித்துக்கொண்டு, வித்தியாசத்தைப் பணமாகக் கணக்குத் தீர்ப்பதே சரி. "சரிக்குச் சரி" என்று கைகுலுக்கினால் அநேகமாக யாரோ ஒருவர் இழக்கிறார். உங்கள் காரின் குறைகளையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா, கடன் நிலுவை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பெயர் மாற்றங்களுக்கும் ஒரே நாளில் கையெழுத்திடுங்கள். காப்பீடு உங்கள் பெயரில் தொடங்கிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.

கையில் வந்த வித்தியாசப் பணத்தை உடனே செலவழித்துவிடாதீர்கள். முதல் மாதத்திலேயே அந்தக் கார் அதில் ஒரு பங்கைக் கேட்கும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைந்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவே இல்லை என்று கொள்ளுங்கள். பல என்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பின் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 155 மட்டுமே. இறக்கத்தில் விரட்டி ஓட்டும்போது திரவம் கொதித்தால் பெடல் பஞ்சாகி உள்ளே போய்விடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. மேலுள்ள பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் 10 ஆண்டு ஆன டயரின் ரப்பர் கல்லாகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சைலன்சரை மாற்றி உறுமவைப்பதிலும் குதிரைத்திறனைக் கூட்டுவதிலும் இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதைக்கிறது.

ஒரே கார்தான் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கிளம்பாத கார் யாருக்கும் இன்பம் தராது.

எல்லாம் நன்றாக அமைந்த பிறகு வரும் தவறு ஒன்று உண்டு. முதலில் ஒரு கீறலை மறைப்பீர்கள். பிறகு பக்கத்துத் தகட்டின் நிறம் பொருந்தாமல் முழுப் பெயின்ட். பிறகு இருக்கை, பிறகு சக்கரம், கடைசியில் ஓர் உறை வாங்கிப் போர்த்திவிடுவீர்கள். என் காரின் இடப்பக்கக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருக்கிறது. டிங்கரிங் செய்து எடுத்துவிட இருமுறை ஒர்க்‌ஷாப் வரை போனேன். இரண்டாம் முறை, அதற்கு ஒதுக்கிய பணத்தில் நான்கு புது டயர் போட்டுக்கொண்டு திரும்பினேன். வரும் வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய திருப்பத்தைத் தாண்டி இன்னும் 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் வந்தேன்.