ஜூன் மாதம் வளையல் வீட்டிலேயே இருக்க: முதல் தடவை வீட்டு பட்ஜெட் போடுபவர்களுக்கு

பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து நாலு வருஷம் என் கல்யாண வளையல் ஜூனில் அடகுக்குப் போய், தை மாதம் திரும்பி வந்தது. இத்தனைக்கும் நான் கணக்கு எழுதாதவள் இல்லை. பால் எவ்வளவு, கீரை எவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதுவேன். மாதாமாதம் கணக்கு சரியாக நிற்கும். ஜூன் வந்தால் கவிழும். ஆவணி வந்தால் மறுபடியும் கவிழும்.

தப்பு எங்கே என்று புரிய நாலு வருஷம் ஆனது. நான் போட்டது மாத பட்ஜெட். வீட்டுச் செலவோ வருஷக் கணக்கில் வருகிறது. பள்ளிக் கட்டணம், மொய், தீபாவளி, இன்சூரன்ஸ் இதெல்லாம் மாதாமாதம் எட்டிப் பார்க்காது. வருகிற மாதத்தில் மொத்தமாக வந்து உட்காரும். அதனால் இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். (நான் மதுரைக்காரி. எங்கள் ஊரில் ‘செய்முறை’ என்றாலே விசேஷ வீட்டுக்குச் செய்கிற சீர், மொய்தான். அதுவும் கீழே வருகிறது.)

ஒரு நோட்டு, ஒரு பேனா, சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர், போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள். இவ்வளவு போதும்.

படி 1: முப்பது நாள் எழுதுங்கள், எதையும் குறைக்காதீர்கள்

முதல் மாதம் சிக்கனம் பண்ணக் கூடாது. சிக்கனம் பண்ணினால் உங்கள் உண்மையான செலவு தெரியாமல் போய்விடும். வழக்கம்போலச் செலவு செய்து, படுக்கப் போகும் முன் அன்றைய கணக்கை எழுதினால் போதும். பத்துத் தலைப்புக்கு மேல் வேண்டாம். கொத்தமல்லிக்குத் தனி வரி போட ஆரம்பித்தால் பத்தாம் நாள் நோட்டு அலமாரிக்குள் போய்விடும்.

ஜிபே, போன்பே செலவுதான் நழுவும். கையில் நோட்டைப் பிரித்துக் கொடுத்தால் ஞாபகம் இருக்கும். டீக்கடையில் ஸ்கேன் செய்த பதினைந்து ரூபாய் ஞாபகம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் போனில் பணம் அனுப்புகிறார்களோ அத்தனை போனிலும் வாரக் கணக்கைத் திறந்து நோட்டில் ஏற்றுங்கள். வீட்டுக்காரர் முறைப்பார். பரவாயில்லை.

படி 2: வருஷத் தாள்

இதுதான் முக்கியம். ஒரு முழுத் தாளை எடுத்து ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். மாதாமாதம் வராத எந்தச் செலவாக இருந்தாலும் அது வருகிற மாதத்தின் கட்டத்தில் எழுதுங்கள். மாதம் 36,000 ரூபாய் வருமானம், இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டால் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

- மொய், செய்முறை: 15,000
- பள்ளிக் கட்டணம்: ஜூனில் 18,000, அக்டோபரில் 12,000
- நோட்டு, சீருடை, ஷூ: 6,000 (ஜூன்)
- தீபாவளி: 15,000
- பொங்கல்: 4,000
- மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில் போய்வர: 4,000
- மருத்துவ இன்சூரன்ஸ்: 14,000
- வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ்: 5,000
- வருஷத்துக்கான புளி, மிளகாய், மல்லி: 3,000
- மொய், செய்முறை: 15,000

கூட்டினால் 96,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000 ரூபாய். முதல் தடவை இந்தத் தொகையைப் பார்க்கும்போது எல்லோருக்கும் வயிற்றைப் பிசையும். எனக்கும் பிசைந்தது. ஆனால் இது புதுச் செலவு இல்லை. போன வருஷமும் இந்தப் பணம் போயிருக்கிறது. கைமாற்றாகவோ நகைக்கடனாகவோ, வட்டியும் சேர்த்துப் போயிருக்கிறது.

பட்டியலில் எழுதவே கஷ்டமானது மொய். எத்தனை பத்திரிகை வரும் என்று யாருக்குத் தெரியும்? ஓரளவு தெரியும். காலண்டரைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வரிசையாக இருக்கும். போன வருஷத்துப் பத்திரிகைகளை எண்ணினால் இந்த வருஷத்து எண்ணிக்கை கிட்டத்தட்ட வந்துவிடும். அடுத்து மொய் நோட்டு. உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அதில் இருக்கும்; அவர்கள் வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளை இருந்தால் அந்தத் தொகை கொஞ்சம் கூடுதலாகத் திரும்பப் போக வேண்டியதுதான். “மொய்யைச் செலவுன்னு எழுதாத தாயி, அது நாம வாங்குன கடன்” என்பார் என் மாமியார். கடன் என்றால் பட்டியலில் முதல் வரியில் வைக்க வேண்டும். நான் கடைசி வரியில் வைத்திருந்தேன். அதனால்தான் ஒரே ஆவணியில் மூன்று கல்யாணமும் ஒரு கிரகப்பிரவேசமும் வந்து என்னை உருட்டிவிட்டன.

தாய்மாமன் முறை வருகிற வீடாக இருந்தால் அதை 15,000-க்குள் அடக்கப் பார்க்காதீர்கள். தனி வரி போடுங்கள்.

போனஸ் வருமானத்தில் சேராது. வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

படி 3: அந்த 8,000 எங்கே இருக்க வேண்டும்?

சம்பளம் விழுகிற கணக்கில் இருக்கக் கூடாது. இருந்தால் அது 8,000 ஆக இருக்காது. வேறொரு சேமிப்புக் கணக்கில், போனில் எந்தச் செயலியோடும் இணைக்காமல் வையுங்கள். சம்பளம் வந்த அன்றே போட்டுவிட வேண்டும். மிச்சத்தைத்தான் மாதத்துக்கு என்று பிரிக்க வேண்டும். ஏடிஎம் அட்டையை நான் அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்திருக்கிறேன். எடுக்கச் சோம்பலாக இருப்பதே பாதிப் பாதுகாப்பு.

தபால் நிலைய ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற சேமிப்பு) போடலாமா என்று கேட்பீர்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்து வருஷத்துக்கு. ஜூனில் எடுக்க வேண்டிய பணத்துக்கு அது சரிப்படாது. இதெல்லாம் போக மிஞ்சுவதை அதில் போடுங்கள்.

ஏலச்சீட்டு கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜூனில் ஏலம் உங்கள் பக்கம் விழும் என்று நிச்சயம் கிடையாது. அவசரத்துக்கு ஏலத்தில் தள்ளிக் கேட்டால், தள்ளின அளவுக்குக் கையில் வருகிற காசு குறையும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் 1982-ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தெருவில் பழக்கத்தை நம்பி நடக்கிற தீபாவளிச் சீட்டில் எங்கள் சந்தில் ஒரு வருஷம் பாதிப் பேருக்குப் பலகாரம் வரவில்லை, பணமும் வரவில்லை.

இன்னொரு சிக்கல் உண்டு, பட்ஜெட் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. நீங்கள் மார்ச்சில் ஆரம்பித்தால் ஜூனுக்கு மூன்றே மாதம். பன்னிரண்டால் வகுத்ததெல்லாம் அப்போது செல்லாது. ஜூனில் வேண்டியது 24,000. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் தலா 8,000 போட்டால் அதற்கே சரியாகிவிடும். அந்த மூன்று மாதத்து மொய்க்குக் கொஞ்சம் திண்டாட்டம்தான், மறைப்பதற்கில்லை. வருஷப் புளியை விட்டுவிட்டுக் கால் கிலோ கால் கிலோவாக வாங்கி ஓட்டுங்கள். ஜூனைத் தாண்டிவிட்டால் அக்டோபருக்குள் நாலு தவணை கிடைக்கும், 32,000. பள்ளிக்கு 12,000, தீபாவளிக்கு 15,000 போக ஆவணி மொய்க்கு 5,000 கையில் நிற்கும்.

படி 4: வாரக் கவர்

மிச்சம் 28,000. இதில் வாடகை, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், போன், தண்ணீர் கேன், மருந்து ஆகியவற்றுக்கு நம் மாதிரிக் குடும்பத்தில் 15,750 போகும். இவற்றில் பெரிதாக ஒன்றும் பிடுங்க முடியாது, விடுங்கள். கை வைக்க இடம் இருப்பது காய்கறி, பழம், கறி, மீன், அப்புறம் மளிகை.

காய்க்கும் கறிக்கும் மாதம் 4,400 எடுத்து, வாரம் 1,000 என்று கவரில் போடுங்கள். ரொக்கமாகத்தான். சனிக்கிழமை ஒரு கவர் திறக்கலாம். தீர்ந்தால் அடுத்த சனிக்கிழமை வரை பருப்பு, அப்பளம், துவையல். அடுத்த வாரக் கவரைத் தொடக் கூடாது. நாலு சனிக்கிழமை வருகிற மாதத்தில் 400 மிஞ்சும். அதைச் செலவழித்துவிடாதீர்கள், ஐந்து சனிக்கிழமை வருகிற மாதத்தில் 600 இடிக்கும்.

நான் காய் வாங்குவது மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில். 1999-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை அதுதான். விலைப் பலகை வைத்திருப்பார்கள், பேரம் பேச வேண்டியதில்லை. பலகையைப் பார்த்த பிறகு சமையலை முடிவு செய்யுங்கள். வீட்டிலேயே “இன்றைக்கு முருங்கைக்காய்” என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினால், கார்த்திகை மழையில் முருங்கை விற்கிற விலைக்குக் கவர் அன்றே காலி.

படி 5: மளிகை

மாதம் 5,000. முதலில் டப்பாக்களைத் திறந்து பாருங்கள், பிறகு லிஸ்ட் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை மூன்று பாக்கெட் கடுகு இருந்தது.

ரேஷன் அட்டையைச் சும்மா வைத்திருக்காதீர்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், அரிசி இலவசம். பருப்புக்கு வெளிக்கடை விலையை நினைத்துப் பாருங்கள், வரிசையில் நிற்கிற கால் வலி தெரியாது. அந்த அரிசியை ஊறவைத்து இட்லிக்கு அரைத்தால் ஒன்றும் குறைச்சலில்லை.

மொத்தமாக வாங்கினால் லாபம் என்று எல்லாவற்றையும் மூட்டையாக அள்ளாதீர்கள். மொத்த மளிகைக் கடைகள் இருக்கிற கீழமாசி வீதிக்குப் போனால் எனக்கும் கை பரபரக்கும். ரவை, கோதுமை மாவு, பயறு எல்லாம் வண்டு வைக்கும். வருஷத்துக்கு வாங்கத் தகுந்தவை புளி, மிளகாய், மல்லி. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, கொட்டை எடுத்து, வெயில் காட்டி, கல்லுப்புப் போட்டு ஜாடியில் அடைத்தால் அடுத்த மாசி வரை கவலை இல்லை.

படி 6: 500-ஆவது யூனிட்

தமிழ்நாட்டில் கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிறார்கள். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது தெரிந்ததே. 500-ஐத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கான சலுகையும் சேர்ந்து போகும் என்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே யூனிட், 233 ரூபாய்! அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, உங்கள் ரசீதில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ரீடிங் எடுத்த தேதியையும் அன்றைய மீட்டர் எண்ணையும் காலண்டரில் குறித்து வையுங்கள். ஐம்பதாம் நாள் மீட்டரைப் பார்த்து, குறித்த எண்ணைக் கழித்துப் பாருங்கள். 430-ஐ நெருங்கியிருந்தால் மிச்சப் பத்து நாளும் எல்லோரும் ஒரே அறையில் ஏசி போட்டுப் படுத்துக்கொள்ளலாம், இஸ்திரியைத் தள்ளிப் போடலாம். 250-இல் நின்றால் நிம்மதியாக இருங்கள். ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு பிள்ளைகளை விரட்ட வேண்டாம்.

படி 7: மாதக் கடைசியில் அரை மணி நேரம்

நம் கணக்கில் இப்போது 2,850 மிச்சம். 1,500 ஆர்டிக்கு, 1,350 கைச்செலவுக்கு, ஆளுக்குப் பாதி. இந்தக் கைச்செலவுக்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. பூவோ, டீயோ, சினிமாவோ, அவரவர் பாடு. இதைக் கேட்க ஆரம்பித்த வீட்டில் நோட்டு மூன்று மாதம் தாங்காது.

பிறகு இருப்பை எண்ணி நோட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒத்து வராது. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து தேடாதீர்கள். ‘தெரியாதது’ என்று ஒரு வரி போட்டு, வித்தியாசத்தை எழுதி, நோட்டை மூடுங்கள். ஐந்நூறுக்குள் இருந்தால் போதும். தாண்டினால் அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமைப் போன் கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுத் ‘தெரியாதது’ 340 ரூபாய். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரியும் போலத்தான் இருக்கிறது.