டிஐஎல்311: செத்துப்போச்சு என்று தூக்கிப் போடுவதற்கு முன்

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சிவப்புப் பிளாஸ்டிக்குக்குள் சிப்பும் முடியைவிட மெல்லிய கம்பிகளும் தெரியும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1970களில் விற்ற டிஐஎல்311 (TIL311) என்ற ஓரிலக்க எண்காட்டி வெறும் எல்இடி விளக்கு அல்ல, டிடிஎல் (5 வோல்ட்டில் ஓடும் பழைய லாஜிக் சிப் வகை) ஐசியும் சேர்ந்தது. 4 பிட் எண்ணைக் கொடுத்தால் 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும் புள்ளிகளால் தானே எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டையும் நேரடியாக எரிய வைக்கும் ஏழு துண்டு எண்காட்டியில் பழகிய கைகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நானும் விழுந்தேன். 5 வோல்ட் கொடுத்தேன், ஒன்றுமே எரியவில்லை. இரண்டை ஓரமாக வைத்துவிட்டு மூன்றாவதைச் செருகியபோதுதான் 8ஆம் காலை (பின்) எதிலும் இணைக்காமல் தொங்கவிட்டிருந்தது கண்ணில் பட்டது. டிடிஎல்லில் தொங்கும் உள்ளீடு 1 என்றே எடுத்துக்கொள்ளப்படும். 8ஆம் கால் 1 ஆனால் திரை இருட்டு. அதைக் கிரவுண்டில் இணைத்ததும் மூன்றும் எரிந்தன. ஆனால் எண் மாறவில்லை! 5ஆம் காலும் அதே கதை: அது 1 ஆக இருக்கும்வரை பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும், 0 ஆக்கினால்தான் புதியதை வாங்கும்.

சப்ளையும் இரண்டு. 14ஆம் காலில் லாஜிக்குக்கு, 1ஆம் காலில் எல்இடிக்கு. ஒன்றை மட்டும் கொடுத்தால் எரியாது.

1 கொடுத்தால் 2 வருகிறதா? எண்ணின் நான்கு பிட்களை வாங்கும் ஏ, பி, சி, டி உள்ளீடுகள் வரிசையாக இல்லை. ஏ 3ஆம் காலில், பி 2இல், சி 13இல், டி 12இல்.

6, 9, 11 ஆகிய கால்கள் இல்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், பிறவியிலேயே கிடையாது.

மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து எண்ணின் புள்ளிகளைத் தேடுவதும் வீண், நடுவில் ஐசி இருக்கிறது. தசமப் புள்ளிகள் மட்டும் நேரடி எல்இடி: மீட்டரின் சிவப்பு முனை 1ஆம் காலில், கருப்பு முனை 4 அல்லது 10இல். எண்ணுக்கு மின்தடை தேவையில்லை, ஆனால் அதே நினைப்பில் இந்தப் புள்ளிகளை நேராகக் கிரவுண்டில் இணைத்தால் கருகும். 470 ஓம் மின்தடை போட்டால் போதும்.

அப்புறம், ஒன்றுக்கே சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆறு இலக்கக் கடிகாரத்தை 500 மில்லி ஆம்பியர் யுஎஸ்பி போர்ட்டில் ஓட்ட முடியாது. தொட்டால் சூடாக இருக்கும், அது கோளாறு இல்லை.