பிக்கப் கதவுப் பூட்டை நானே மாற்றிய விதம்

என் பிக்கப்புக்கு 20 வயசு. பூட்டு தேய்ந்து, டிரைவர் பக்கக் கதவு வீட்டுச் சாவிக்கே திறக்க ஆரம்பித்த பிறகுதான் கை வைத்தேன்.

முதலில் கண்ணாடியை முழுசாக ஏற்றிவிடுங்கள். கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய வேட்டித் துணியை இடுக்கில் விட்டு, ஷூ பாலிஷ் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுத்தால் தெறித்து விழும். எனக்கு எங்கே விழுந்ததென்று தேடவே அரை மணி நேரம். அப்புறம் கதவு அட்டையைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள். மழைத் தண்ணீரைத் தடுப்பது அதுதான்.

கை நுழைத்தால் லாடம் போன்ற ஒரு தகடு பூட்டைப் பிடித்திருக்கும். பூட்டின் பின்பக்கம் மாட்டியிருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்தத் தகட்டை ஸ்குரூடிரைவரால் தள்ளினால் பூட்டு வெளியே வந்துவிடும். தகரத்தின் ஓரம் பிளேடு மாதிரி, கையுறை போடுங்கள்.

பழைய சாவியே வேண்டுமென்றால் புதுப் பூட்டைச் சாவிக்காரரிடம் கொடுங்கள். உள்ளிருக்கும் பித்தளைச் சில்லுகளைச் சாவியின் வெட்டுக்கு ஏற்ப மாற்றி அடுக்குவார். நானே முயன்றேன், கடுகளவு ஸ்பிரிங் ஒன்று பறந்தது, இன்னும் கிடைக்கவில்லை.

மாட்டியதும் கதவைச் சாத்திவிடாதீர்கள். திறந்தபடியே சாவியைப் பத்து தடவை திருப்பிப் பாருங்கள். எண்ணெய் வேண்டாம், தூசி சேரும். கிராஃபைட் தூள் போதும்.