ஸ்பானிஷ் கத்துக்கணுமா? இங்கிலீஷ் வழியா போகாதீங்க, நம்ம கடக்கரை வழியா போங்க

எனக்கு சொந்த ஊரு தங்கச்சிமடம். சரக்குக் கப்பல்ல வேலைக்குப் போயி ஏழு வருஷம் சுத்துனேன், அதுல பாதி நாள் வலென்சியா, லாஸ் பால்மாஸ், கார்த்தஹேனா, பெருவுல கயாவோன்னு ஸ்பானிஷ் பேசுற துறைமுகமாவே அமைஞ்சுச்சு, கூட வேலை பாத்ததுலயும் பெரு நாட்டு ஆளுங்க மூணு பேரு. இப்ப ஊரோட வந்துட்டேன். கப்பலுக்குப் போகப்போற பசங்க, ராமேஸ்வரத்துல கைடு வேலை பாக்குற தம்பிங்க, பார்சிலோனா மேட்ச் பாத்து ஆசைப்பட்ட காலேஜ் புள்ளைங்கன்னு ஆளாளுக்கு "அண்ணே, ஸ்பானிஷ் எப்படிண்ணே புடிச்சீங்க"ன்னு கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். ஆப்பு, புக்கு எல்லாமே பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருந்துதான் ஸ்பானிஷ் சொல்லித்தருது. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஆறு மாசம் வீணாப்போச்சு. எனக்கு மீன் பிடிக்கும்னு சொல்ல "மே குஸ்தா எல் பெஸ்காதோ"ம்பாங்க. இங்கிலீஷ்ல ஐ லைக்னு ஆரம்பிச்சு யோசிக்கிறவனுக்கு இது தலைகீழா தெரியும். நமக்கு இதுல என்ன குழப்பம்? மே-ன்னா எனக்கு, அவ்வளவுதான். ஒரு நாள் எங்க கப்பல் குக் நெத்தியப் புடிச்சுக்கிட்டு "மே துவேலே லா கபேசா"ன்னு உக்காந்தாரு, எனக்கு தலை வலிக்குதுன்னு அச்சு அசலா நம்ம மாதிரியே சொல்றாரேன்னு அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. அன்னைக்கே இங்கிலீஷ் நோட்ட மூடி வெச்சுட்டு தமிழ்ல எழுத ஆரம்பிச்சேன்.

வினைச்சொல்லும் அப்படித்தான். பேசுறேன், பேசுற, பேசுறான்னு சொன்னாலே யாருன்னு தெரிஞ்சிடுது, நான் நீ அவன்னு தனியா சொல்லத் தேவையில்ல. அங்கயும் ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா. கடைசி எழுத்துலயே ஆள் ஒட்டிக்கிட்டு வந்திருவாரு. "தூ"ன்னா நீ, "உஸ்தேத்"ன்னா நீங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க, வயசுல பெரியவங்கன்னா உஸ்தேத் போட்டுருங்க, தப்பே வராது. கொலம்பியால சில பக்கம் வீட்டு ஆளுங்களுக்குள்ளயே உஸ்தேத்னுதான் பேசிக்குவாங்க, கேக்க நல்லா இருக்கும்.

எல்லாரும் பயப்படுற இடம் "சேர்", "எஸ்தார்"னு ரெண்டு வினைச்சொல்லு, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான். நான் கண்டுபுடிச்ச வழி இது. தமிழ்ல "நான் மீனவன்", "இவரு டீச்சர்"னு வினைச்சொல்லே இல்லாம சொல்றோம்ல, அங்க சேர் வரும்: சோய் பெஸ்காதோர். "நான் பாம்பன்ல இருக்கேன்", "டயர்டா இருக்கேன்"னு இரு போட்டுச் சொல்றோம்ல, அங்க எஸ்தார் வரும்: எஸ்தோய் என் பாம்பன். மீன் இருக்கான்னு கடைல கேக்க மட்டும் தனியா "ஆய் பெஸ்காதோ?" நூத்துக்கு நூறு சரியா வராதுதான், எங்க அண்ணன் உயரமா இருக்காருன்னு நாம சொல்லுவோம், அவங்க அதுக்கு சேர்தான் போடுவாங்க. ஆனா ஆரம்பத்துல தைரியமா வாயத் திறக்க இந்தக் கணக்கு போதும்.

உச்சரிப்புல நமக்குத்தான் லாபம் ஜாஸ்தி. தமிழ் த மாதிரியே நாக்கு பல்லுல படும், இங்கிலீஷ்காரங்க மாதிரி காத்து ஊதக்கூடாது. பெஸ்காதோல வர்ற தோ, நாம "அது"ன்னு சொல்றப்ப வருமே அந்த மெல்லிசான து, அதேதான். ஞ அவங்ககிட்ட அப்படியே இருக்கு, ந எழுத்து மேல ஒரு வளைவு போட்டு எழுதுவாங்க. அத விட்டுடாதீங்க, "காஞா"ன்னா கரும்பு, தூண்டில் கம்பு, "கானா"ன்னா நரைமுடி. அப்புறம் ர, ற. "பெரோ"ன்னா ஆனால், "பெறோ"ன்னா நாய். இந்த ற-வுக்கு நாக்கு நுனி ரெண்டு மூணு தடவ துடிக்கணும், சின்னப் புள்ளைங்க வண்டி ஓட்டுற மாதிரி டுர்ர்ர்னு விளையாடுமே அத ஒரு வாரம் குளிக்கும்போது பண்ணிப் பாருங்க. கூச்சப்படாதீங்க.

"ஓலா"ன்னா வணக்கம், அது எல்லாருக்கும் தெரியும். அலைக்கும் ஓலாதான், முன்னாடி எழுதுற எழுத்து மட்டும்தான் வேற, சத்தம் ஒண்ணு. இங்க இருந்துதான் நான் பசங்களுக்கு ஆரம்பிப்பேன். சொல்லு மனப்பாடம் பண்றதுக்கு ஆப்பிள் பால் கேட்னு லிஸ்ட் எதுக்கு, காலைல கரைக்குப் போங்க, கண்ணுல படுறத எல்லாம் சொல்லுங்க. வலை "ரெத்", இந்த ர அழுத்தமா துடிக்கணும், இன்டர்நெட்டுக்கும் அவங்க இதே சொல்லுதான் சொல்லுவாங்க. படகு "பார்கா", பஸ்ல வர்ற ப. கணவாய் "கலமார்", பேய்க்கணவாய் "புல்போ", நண்டு "காங்ரேஹோ", சுறா "திபுரோன்", சூரை "அத்தூன்". இறாலுக்கு ஸ்பெயின்ல "காம்பா", மெக்சிகோ பக்கம் "கமரோன்". தண்ணில நீந்துற வரைக்கும் மீன் "பெஸ்", புடிச்சு கரைக்கு வந்துட்டா அது "பெஸ்காதோ". ஒரு தொழில் நடக்குற இடத்துலதான் இப்படி ரெண்டு பேரு பொறக்கும்னு நான் நம்புறேன்.

கடலுக்கு புக்குல "எல் மார்"னு ஆண்பாலா போட்டிருப்பான். ஆனா கடலுக்குப் போற ஆளுங்க "லா மார்"னு பெண்பாலாத்தான் சொல்லுவாங்க, கவிதை எழுதுறவங்களும் அப்படித்தான். லாஸ் பால்மாஸ்ல ஒரு பெரியவரு வலை பொத்திக்கிட்டு லா மார், லா மார்னு பேசிக்கிட்டு இருந்தப்ப எனக்கு எங்க அப்பா கடலம்மான்னு சொல்றது ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு.

காத்துக்கும் அங்க பேரு இருக்கு. ஸ்பெயினோட தெக்கு மூலைல தரிஃபான்னு ஒரு ஊரு, காத்துக்கே பேர்போனது, நம்ம பக்கம் காத்தாடி கட்டிக்கிட்டு தண்ணில சறுக்குறாங்கல்ல, அந்த விளையாட்டுக்கு உலகம் பூரா இருந்து அங்க வருவாங்க. அங்க கிழக்க இருந்து வர்றது "லெவாந்தே", மேக்க இருந்து வர்றது "போனியெந்தே". நமக்கு கொண்டல், கச்சான். லெவாந்தேன்னா சூரியன் எழும்புற பக்கம், போனியெந்தேன்னா சாயுற பக்கம். ஒரு சொல்லு புடிச்சா "லெவாந்தார்" தூக்குறது, "லெவாந்தார்சே" எந்திரிக்கிறதுன்னு கூடவே ரெண்டு வினைச்சொல்லு வலைல ஏறிடும்.

எண்ணு கத்துக்க ஏலக்கூடம்தான் நல்ல இடம். அங்க ஏலக்கூடத்துக்கு "லோன்ஹா"ம்பாங்க. நம்ம ஏலம் மேல ஏறும், அங்க நிறைய லோன்ஹால விலை மேல இருந்து இறங்கிக்கிட்டே வரும், முதல்ல நிறுத்துறவருக்குத்தான் மீனு. அதனால ஊனோ, தோஸ், த்ரேஸ்னு ஏறுமுகமா படிக்கிறதோட நிறுத்தாதீங்க, "வெயின்தே"ல இருந்து கீழ எறங்கியும் சொல்லிப் பழகுங்க. ஏலம் விடுறவரு சொல்ற விலைய மனசுக்குள்ள ஸ்பானிஷ்ல மாத்துங்க, ஒரு மாசத்துல காது வேகமாயிரும்.

நம்ம வீட்டுக்குள்ளயும் பாதி வேலை முடிஞ்சிருக்கு. போர்ச்சுகீஸ்காரங்க விட்டுட்டுப் போன சொல்லு நிறைய, அந்த மொழி ஸ்பானிஷுக்கு அக்கம்பக்கம். மேசை "மேசா", அலமாரி "அர்மாரியோ", துவாலை "தொவாயா", பப்பாளி "பபாயா", கொய்யா "குவயாபா". கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கம் மதரசால அரபி படிச்ச புள்ளைங்களுக்கு இன்னும் சுலபம், ஸ்பெயின்ல பல நூறு வருஷம் முஸ்லிம் ஆட்சி நடந்து 1492லதான் முடிஞ்சது, அரபி அங்க அப்படியே படிஞ்சு கெடக்கு. சீனி "அசூகார்", எண்ணெய் "அசேய்த்தே". நல்லபடியா நடக்கணுமேன்னு ஏங்குறப்ப "ஓஹாலா"ம்பாங்க, அது அல்லாஹ் நாடினால்ங்கிற அரபிச் சொல்லுல இருந்து வந்தது. கீழக்கரைல என் ஃப்ரெண்டோட வாப்பாட்ட சொன்னேன், அவரு அன்னைக்கு பூரா அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு.

சமையல் வீடியோ பாருங்க, சீரியலவிட அதுதான் ஆரம்பக்காரங்களுக்கு நல்லதுன்னு அடிச்சுச் சொல்லுவேன். கையில என்ன பண்றாங்களோ அதையேதான் வாயிலயும் சொல்லுவாங்க, சப்டைட்டிலே வேணாம். வலென்சியாவோட "பயேயா"ல ஆரம்பிங்க, அகலமான சட்டில அரிசியும் குங்குமப்பூவும் போட்டு செய்யிறது, இறால் கணவாய் போட்டும் பண்ணுவாங்க. சோறு "அறோஸ்", வெங்காயம் "செபோயா", பூண்டு "ஆஹோ", உப்பு "சால்". மிளகாய் பொறந்ததே மெக்சிகோ பக்கம்தான், நம்ம முண்டு மிளகாய்க்கும் பூர்வீகம் அங்கதான். மெக்சிகோல "சீலே", பெருவுல "அஹீ". சாப்பிடுறதுக்கு முன்னாடி "பீகா?"ன்னு கேளுங்க, உறைக்குமான்னு அர்த்தம்.

சீரியல் பாத்தா ஆடியோவும் ஸ்பானிஷ், சப்டைட்டிலும் ஸ்பானிஷ். தமிழ் டப்பிங்ல பாத்தா கதைதான் தெரியும். ஒரு எபிசோட முழுசா பாக்காம பத்து நிமிஷத்த மூணு தடவ பாருங்க. பாட்டுல புவேர்த்தோ ரிக்கோ பக்கத்து வேகமான பாட்ட அப்புறம் வெச்சுக்கங்க, அந்தத் தீவுக்காரங்க கடைசில வர்ற ஸ்-ஸ முழுங்கிடுவாங்க. பழைய "பொலேரோ" பாட்டு நிதானமா தெளிவா இருக்கும். யூட்யூப்ல ட்ரீமிங் ஸ்பானிஷ்னு ஒரு சேனல், படம் வரைஞ்சு மெதுவா பேசுவாங்க, சுத்தமா தெரியாதவங்களும் அதுல ஆரம்பிக்கலாம். ஃபுட்பால் பிரியருங்களா, ஸ்பெயின்ல ராத்திரி 9 மணி மேட்ச் நமக்கு 12:30, குளிர்காலம்னா 1:30, முழிச்சிருக்கிறதுதான் முழிச்சிருக்கீங்க, கமெண்ட்ரிய ஸ்பானிஷ்ல வெச்சுக் கேளுங்க. மெஸ்ஸி பேட்டி கேக்குறப்ப ஒண்ணு, அவரு அர்ஜென்டினால ரொசாரியோக்காரரு, அங்க "யோ"ங்கிறது "ஷோ"ன்னு விழும், நீ-க்கு தூ இல்லாம "வோஸ்"ம்பாங்க.

எங்க தெருல அந்தோணியார், சவேரியார் பேரு வெக்காத வீடு கம்மி. அந்த சவேரியாரு ஸ்பெயின்ல நவார்ரா பக்கத்துக்காரரு, 1542ல முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்கள தமிழ்ல எழுதவெச்சு மனப்பாடம் பண்ணித்தான் நம்ம ஆளுங்ககிட்ட பேச ஆரம்பிச்சாரு. நீங்களும் தெரிஞ்ச ஜெபத்த, இல்லன்னா மனசுக்குப் புடிச்ச நாலு வரிய ஸ்பானிஷ்ல பாடம் பண்ணுங்க, அர்த்தம் ஏற்கனவே தெரியும்ங்கிறதால இலக்கணம் தானா இறங்கும். ஜூலை 16 நம்ம கார்மேல் மாதா திருநாளு, அங்க அவங்க "விர்ஹென் தெல் கார்மென்", மீனவங்களோட பாதுகாவலி, சுரூபத்த படகுல ஏத்தி கடல்ல ஊர்வலம் போவாங்க, அன்னைக்கு வர்ற வீடியோ எல்லாம் தேடிப் பாருங்க.

பயணம்னு சொன்னா உடனே விமான டிக்கெட்டுதான்னு நெனைக்காதீங்க. ராமேஸ்வரம், தனுஷ்கோடிக்கு வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்க, அதுல ஸ்பானிஷ்காரங்களும் உண்டு. கோயில்ல சாமி கும்புட வந்தவங்கள தொந்தரவு பண்ணக்கூடாது, வெளிய டீக்கடைல நிக்கிறப்ப ஒரு தடவ "தே தோந்தே எஸ் உஸ்தேத்?", எந்த ஊருங்கன்னு கேளுங்க, ஸ்பெயின், சிலின்னு பதில் வந்தா தொடருங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஊரப் பத்தி அஞ்சு வாக்கியம் ரெடியா இருக்கணும். "அகீ ஆய் வெயின்தீதோஸ் போசோஸ் சக்ராதோஸ்", இங்க 22 தீர்த்தக் கிணறு இருக்கு. "எல் புவென்தே சூபே", பாலம் மேல ஏறுது, 2025ல தொறந்த புதுப் பாலத்தக் காட்டிச் சொல்லுங்க. 1964 புயலுக்கு "சிக்லோன்". அவங்க படபடன்னு பேச ஆரம்பிச்சா பயந்து இங்கிலீஷுக்குத் தாவாதீங்க, "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்"னு சொல்லுங்க, கொஞ்சம் மெதுவாங்கன்னு அர்த்தம், நிச்சயமா மெதுவாப் பேசுவாங்க.

எப்ப ஆரம்பிக்கலாம்னு கேட்டா தடைக்காலத்துல ஆரம்பிங்கம்பேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, போட்டு எல்லாம் கரைல கட்டிக் கெடக்கும். முதல் இருபது நாளு சத்தமும் கரைல பாக்குற சொல்லும், அடுத்த இருபது நாளு எனக்கு, இருக்கேன், வேணும்னு சின்ன வாக்கியம், மிச்ச நாள்ல தினம் அரை மணி நேரம் வீடியோ, கூடவே ஃபோன்ல உங்க குரல நீங்களே ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. ஜூன்ல போட்டு இறங்குறப்ப கரைல நிக்கிற ஆளுக்கு "புவேனா பெஸ்கா"ன்னு சொல்லி கையக் காட்டுங்க, நல்லா மீன் படட்டும்னு அர்த்தம்.