சார்பு: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் நம் தவறுகள்

கணிதத்தில் சார்பு (ஃபங்ஷன்) என்றால் ஒரு இயந்திரம், உள்ளே எதையாவது போட்டால் வெளியே எதையாவது தள்ளும் என்றுதான் பலருக்கும் அறிமுகம் ஆகிறது. மோசமான விளக்கம் இல்லை. ஆனால் உயிரான நிபந்தனை அதில் விட்டுப்போகிறது: அதே உள்ளீட்டை எத்தனை தடவை போட்டாலும் அதே வெளியீடுதான் வர வேண்டும், ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும்.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. "இரண்டு உள்ளீட்டுக்கு ஒரே விடை வருதே, அப்ப இது சார்பு இல்லையே" என்பார்கள். தாராளமாக வரலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பிறந்தநாள்தான் உண்டு, அதனால் ஆளைக் கொடுத்தால் நாளைத் தருவது சார்பு. பிப்ரவரி 29-ஐச் சேர்த்து மொத்தம் 366 நாட்கள்தான் என்பதால் 367 பேர் கூடினால் இரண்டு பேருக்காவது ஒரே நாள் வந்தே தீரும் (நிகழ்தகவுக் கணக்குப்படி வெறும் 23 பேர் இருந்தாலே அதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு, அது வேறு கதை). அதனால் சார்புக்கு ஒரு பங்கமும் இல்லை. நாளைக் கொடுத்து ஆளைக் கேட்டால்தான் சிக்கல், அந்தத் திசையில் அது சார்பே இல்லை. வரைபடத்தில் குத்துக்கோடு போட்டுச் சோதிப்பது இதற்காகத்தான்: கோடு இரண்டு இடத்தில் வெட்டினால் ஒரு உள்ளீட்டுக்கு இரண்டு விடை என்று அர்த்தம். கிடைக்கோடு போட்டுப் பார்ப்பவர் சோதிப்பது வேறு ஒன்றை, அதாவது சார்பு ஒன்றுக்கொன்றானதா (வேறு வேறு உள்ளீட்டுக்கு வேறு வேறு விடைதான் வருகிறதா) என்பதை.

√9 என்றால் ±3 என்று நானும் வெகுநாள் எழுதிக்கொண்டிருந்தேன். வர்க்கம் 9 வரும் எண்கள் எவை என்று கேட்டால் 3, −3 இரண்டையும் சொல்லலாம். √ குறி என்பது சார்பு, அது 3-ஐ மட்டும்தான் தரும். கால்குலேட்டரில் அழுத்திப் பாருங்கள், இரண்டு விடை காட்டாது.

அடுத்தது, உள்ளே இரட்டிப்பாக்கினால் வெளியேயும் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை. 20 டிகிரி செல்சியஸ் என்பது 68 ஃபாரன்ஹீட், ஆனால் 40 டிகிரி 104 தான், 136 இல்லை, ஏனென்றால் 1.8-ஆல் பெருக்கியபின் 32-ஐக் கூட்டுகிறோம், அந்த 32 இரட்டிப்பாவதில்லை. இதுவாவது தாளில் போகும் தவறு. வண்டி ஓட்டும்போது ஆபத்தே வரும்: பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 40-இல் இருந்து 80-க்குப் போனால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு தூரம் வேண்டும். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49, தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25. அதே குழப்பம்தான்.

குறியீடும் ஏமாற்றும். எஃப்(எக்ஸ்) என்பது பெருக்கல் இல்லை, எஃப் என்ற சார்புக்குள் எக்ஸைப் போட்டால் வரும் விடை. எஃப்-இன் தலையில் −1 போட்டால் நேர்மாறுச் சார்பு, அதாவது விடையிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் சார்பு, ஒன்றின் கீழ் எஃப் இல்லை. நேர்மாறு எடுக்கும்போது வரிசையும் திரும்பிவிடும். சாக்ஸ் போட்டபின் ஷூ போடுகிறோம், கழற்றும்போது ஷூதானே முதலில்? அப்படித்தான் ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு வர முதலில் 32-ஐக் கழித்து, அப்புறம் 1.8-ஆல் வகுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் 68 டிகிரிக்கு 20 வராது, 6-க்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வரும்.

மதிப்பகத்தை, அதாவது எந்தெந்த உள்ளீட்டை அனுமதிக்கிறோம் என்பதை, யாரும் கண்டுகொள்வதே இல்லை. சுமார் 50 செ.மீ. நீளத்தில் பிறக்கும் குழந்தை முதல் வருடத்தில் ஏறக்குறைய 25 செ.மீ. வளர்கிறது. சரி, வருடத்துக்கு 25 என்று ஒரு நேர்கோடு போட்டுவிடலாமே? முதல் வருடத்துக்குள் ஓரளவு ஒத்துப்போகும். அதே கோட்டில் 10 வயதைப் போட்டால் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு பிள்ளை நிற்கும். சூத்திரம் எந்த எண்ணைக் கொடுத்தாலும் மறுக்காமல் விடை சொல்லிவிடுகிறது, அந்த எண்ணைக் கொடுக்கலாமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சூத்திரம் இருந்தால்தான் சார்பு என்ற எண்ணம். 1837-இலேயே ஜெர்மன் கணிதவியலாளர் டிரிக்லே அதை விட்டுவிட்டார்: ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு மதிப்பு உறுதியாக இருந்தால் போதும், எந்த விதியால் வந்தது என்பது தேவையில்லை என்றார். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு மணிக்கொரு தடவை எடுத்துக் குறித்த வெப்பநிலைப் பட்டியல் இருக்கிறதே, எந்தச் சமன்பாட்டுக்கும் அடங்காமல் ஏறி இறங்கும் அதுவும் முழுமையான சார்புதான்.