கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்துச் செல்வது எப்படி

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் மட்டுமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் முதலிடத்தைப் பெற்ற குமரி மாவட்டத்தில், துண்டறிக்கையைப் படிக்கத் தெரியாத பெண்கள் குறைவு. ஆகவே, இங்கே இன்னொரு துண்டறிக்கையைவிட, கூடவே வருகிற ஒரு பெண்தான் தேவை என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் சமூகத்துப் பெண்களிடையே, அதே சமூகத்தைச் சேர்ந்த பெண்களைப் பயிற்றுவித்து 'புரோமோத்தோரா' என்ற பெயரில் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கு இப்பரிசோதனைக்காக உருவான ஒரு திட்டத்தின் பெயரே 'அமிகாஸ்', அதாவது தோழிகள். சுய உதவிக் குழுவிலோ, கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்கக் குழுவான அன்பியத்திலோ இருக்கும் எந்தப் பெண்ணும் இங்கே அந்தப் பணியைச் செய்யலாம்.

முதலில் நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். “மைனி, நான் போன மாசம் போயிட்டு வந்தேன், அஞ்சு நிமிஷம்தான், புதன்கிழமை நானும் கூட வாறேன்” என்று சொல்வதற்கு ஈடான பிரசாரம் கிடையாது. அங்கே என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர், திரை மறைவில் படுக்கவைத்து, சிறு கருவியால் பிறப்புறுப்பை விரித்து, கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து அங்கே வெண்திட்டு தோன்றுகிறதா என்று பார்ப்பார். கொஞ்சம் கூச்சமும் இலேசான எரிச்சலும் இருக்கலாம். ஊசியோ மயக்க மருந்தோ கிடையாது. “டாக்டர் பார்க்காமல் நர்ஸ் பார்த்தால் போதுமா?” என்று கேட்பவர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டத்து ஆய்வைச் சொல்லுங்கள்: செவிலியர்களே இம்முறையில் பரிசோதித்த கிராமங்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது.

மிகுந்த கவனத்துடன் பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்னும் வைரஸ் உடலுறவின் வழியே தொற்றுவது; அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், மீன்பிடிக்கச் சென்று மாதக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கும் கணவர் மீதோ, வீட்டில் காத்திருக்கும் மனைவி மீதோ வீண் சந்தேகம் எழும். உடலுறவில் ஈடுபடும் ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இத்தொற்று ஏற்படுகிறது என்பதையும், பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது என்பதையும், நீங்காமல் தங்கினால் அது புற்றுநோயாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதையும், எனவே எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது என்பதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே கண்டு, நீக்கிவிடலாம்.

அடுத்தது நாள் குறிப்பது. “ஒருநாள் போவோம்” என்பது ஒருபோதும் போகாத நாள். முந்திரி ஆலையில் உடைக்கும் எடைக்கேற்பக் கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் விடுப்பு ஒரு நாள் வருமானம். ஆகவே ஆலை விடுமுறை நாளையோ, முற்பகல் பொழுதையோ அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அப்போது மீனவர் வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து, அன்று செவிலியர் இருப்பாரா என்று முன்னரே விசாரித்துவிட்டு, இருவர் மூவராகச் செல்லுங்கள்.

30 வயது முதல் 65 வயது வரையுள்ளவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். மாதவிடாய் நின்றவர்களுக்கு வெண்திட்டு முறை சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், பாப் ஸ்மியர் (கருப்பைவாயின் செல்களை எடுத்துச் சோதிப்பது) அல்லது எச்.பி.வி. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கவேண்டும். மாதவிடாய் நின்ற பிறகோ உடலுறவுக்குப் பின்போ இரத்தம் கசிபவர்களும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுபவர்களும் குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே மகப்பேறு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வெண்திட்டு தெரிந்தால், அது புற்றுநோய் என்று பொருளல்ல என்பதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் கால்போஸ்கோப்பியும் (கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது), தேவைப்பட்டால் பயாப்சியும் (சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்து பார்ப்பார்கள். பயத்தில் பலர் பின்வாங்கும் இடம் இதுதான். முதல் முறை உடன் சென்றவர் இரண்டாம் முறையும் பேருந்தில் பக்கத்தில் அமர வேண்டும். முடிவை யாரிடமும் சொல்லாதீர்கள். குழுவின் பதிவேட்டில் அவர் மீண்டும் வர வேண்டிய மாதத்தையும் ஆண்டையும் மட்டும் எழுதி வையுங்கள்.