அமத்ரீச்சேவுக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு

இத்தாலிக்குச் சுற்றுலா போகிற பலர், தக்காளியும் பன்றிக் கன்னத்து இறைச்சியும் சீஸும் சேர்த்த அமத்ரிச்சானா பாஸ்தாவை ரோமிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாஸ்தாவுக்குப் பெயர் கொடுத்த ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊரின் பெயர் அமத்ரீச்சே. ரியேத்தி மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோம் பயணத்தில் ஒரு நாளை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு அங்கேயே காசைக் கொடுங்கள். எப்படிப் போவது, என்ன கேட்பது, எதைச் செய்யவே கூடாது, போக முடியாதவர்கள் வீட்டில் எப்படிச் சமைப்பது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஊருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். 2016 ஆகஸ்ட் 24, அதிகாலை 3.36 மணிக்கு நிலநடுக்கம் வந்தது. இறந்தவர்கள் மொத்தம் 299 பேர், அதில் பெரும்பாலானோர் அமத்ரீச்சேயில். கோடை விடுமுறைக் காலம் என்பதால் ரோமில் குடியேறிவிட்ட குடும்பங்கள் பூர்வீக வீடுகளுக்கு வந்திருந்தன. அந்த வார இறுதியில்தான் ஊரின் அமத்ரிச்சானா திருவிழா, அதுவும் ஐம்பதாவது ஆண்டு. அன்று காலை மேயர் சொன்ன வார்த்தை, “ஊரே இல்லாமல் போய்விட்டது.” அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அக்டோபர் 30 அன்று வடக்கே இருக்கும் நோர்ச்சா ஊருக்குப் பக்கத்தில் 6.5 அளவில் இன்னொன்று, 2017 ஜனவரி 18 அன்று ஆள் உயரப் பனிக்கு நடுவே அடுத்தடுத்துச் சில. முதல் அதிர்ச்சியில் தப்பி நின்ற மிச்சமும் அதில்தான் விழுந்தது.

இதில் சாப்பாட்டுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டால், எல்லாமே சம்பந்தம்தான். வீடு போனவர்களைக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல்களுக்கு அனுப்பினார்கள், பலர் போனார்கள். ஆனால் ஆடு மாடு வைத்திருந்தவர்களால் போக முடியவில்லை. காலையும் மாலையும் பால் கறக்க ஆள் வேண்டுமே! தற்காலிகத் தொழுவங்கள் வந்து சேரத் தாமதமாகி, அந்தக் குளிர்காலத்தில் கால்நடைகள் பல செத்தன. அப்படியும் தங்கிப்போனவர்களால்தான் இன்றைக்கும் அந்த மலையில் பெக்கோரினோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ் கிடைக்கிறது. நீங்கள் அங்கே தட்டில் துருவிப் போட்டுக்கொள்ளும் சீஸுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

உதவியும் சாப்பாட்டு வழியாகத்தான் முதலில் வந்தது. நிலநடுக்கம் நடந்த அன்றே இத்தாலிய உணவு வலைப்பதிவர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: உணவகங்களில் விற்கிற ஒவ்வொரு தட்டு அமத்ரிச்சானாவுக்கும் வாடிக்கையாளர் ஒரு யூரோ, உணவகம் ஒரு யூரோ, ஆக 2 யூரோ செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. அது உலகம் முழுக்கப் பரவியது. உள்ளூர் உணவு மரபுகளைக் காக்கும் ஸ்லோ ஃபுட் இயக்கத்தைத் தொடங்கிய கார்லோ பெத்ரீனி, ஒரு மாதத்தோடு விட்டுவிடாமல் ஒரு வருடமாவது இந்தப் பாஸ்தாவை மெனுவில் வைத்திருங்கள் என்று உணவகங்களைக் கேட்டுக்கொண்டார். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அலை அடங்கிய பிறகு ஒரு ஊர் பிழைக்க வேண்டும் என்றால், செவ்வாய்க்கிழமை மதியம் யாராவது வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

சரி, போவது எப்படி? கார் இருந்தால் நல்லது. ரோமிலிருந்து வியா சலாரியா சாலை, ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பழைய ரோமானியர்கள் உப்பு கொண்டுபோன வழி இது. ரியேத்தி, அந்த்ரொதோக்கோ தாண்டியதும் வேலினோ ஆற்றின் குறுகலான பள்ளத்தாக்கில் சாலை வளைந்து வளைந்து ஏறும், அங்கே அவசரப்படாதீர்கள். கார் இல்லையென்றால் கோட்ரால் என்ற வட்டாரப் பொதுப் பேருந்து. ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. போகும் பஸ்ஸைவிடத் திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அதைத் தவற விட்டால் அங்கே ராத்திரி தங்க வேண்டியதுதான். நவம்பர் முதல் மார்ச் வரை பனி விழும், வாடகைக் கார் எடுப்பவர்கள் குளிர்கால டயரோ சங்கிலியோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எப்போது போகலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆகஸ்ட் கடைசியில் கூட்டம் தானாக வரும். திருவிழாவுக்குப் போக ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள், தேதி மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டு நகராட்சி அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊருக்கு நிஜமாக உதவுவது அக்டோபரிலோ பிப்ரவரியிலோ ஒரு வார நாளில் போவதுதான். ஆகஸ்ட் 23 இரவும் 24-ஆம் தேதியும் மட்டும் வேண்டாம். அந்த இரவில் ஊர்க்காரர்கள் கூடி, இறந்தவர்களின் பெயர்களை நினைவுகூர்கிறார்கள். அது வேடிக்கை பார்க்கிற நிகழ்ச்சி இல்லை.

சாப்பிட ‘ஆரேயா ஃபூட்’ என்ற இடத்தைக் கேளுங்கள். இடிந்துபோன உணவகங்களுக்காக ஊரை ஒட்டி மரத்தால் கட்டிய வளாகம். கட்டடக் கலைஞர் ஸ்தெஃபானோ போயெரி வடிவமைத்தது, பொதுமக்கள் நன்கொடையில் எழுந்தது. முதலில் மாணவர்களுக்கான உணவுக்கூடம், அப்புறம் 2017 கோடையில் உணவகங்கள். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பெரிய கண்ணாடி ஜன்னல்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே லாகா மலைகள் தெரியும். முன்பு ஊரின் வெவ்வேறு தெருக்களில் ஒருவருக்கொருவர் போட்டியாகக் கடை நடத்தியவர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் அடுப்பு மூட்டினார்கள். வீடில்லாதவர்களுக்கு அப்போதுதான் சின்னச் சின்னத் தற்காலிக வீடுகள் கிடைக்கத் தொடங்கியிருந்தன, தெருவும் சதுக்கமும் கிடையாது, ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற இடமாகவும் இதுதான் இருந்தது. ஊர் மையம் மறுபடி எழ எழக் கடைகள் இடம் மாறலாம், வாராந்திர விடுமுறையும் கடைக்குக் கடை வேறு, ஆகவே முந்தின நாளே ஃபோன் செய்து மேஜை சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. மூன்று மணிக்குப் போய் நின்றால் காபிதான் கிடைக்கும்.

என்ன கேட்பது? அமத்ரிச்சானா கேட்டால் ஸ்பகெட்டியில்தான் வரும். ரோமில் நடுவில் துளையுள்ள புக்கத்தீனியில் செய்வார்கள், இங்கே அது வழக்கமில்லை. இரண்டு பேர் போனால் ஒருவர் க்ரீச்சா சொல்லுங்கள். தக்காளி இல்லாத வெள்ளை வடிவம் அது, தக்காளி இந்த மலைக்கு வருவதற்கு முன்பே மேய்ப்பர்கள் பையில் இருந்த சீஸையும் உப்பிட்ட கொழுப்பையும் வைத்துச் செய்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு வாய் சாப்பிட்டால் சிவப்பு எப்படி வெள்ளையிலிருந்து பிறந்தது என்று நாக்கே சொல்லிவிடும். இரண்டிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு, அமத்ரிச்சானாவில் கொஞ்சம் ஒயினும் சேரும். சைவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள் மசூர்ப் பருப்பு சூப், காளான் பாஸ்தா கேளுங்கள், சூப்பில் இறைச்சி சேர்த்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பெக்கோரினோவை உறைய வைக்கப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைத்தான் சேர்ப்பார்கள், கண்டிப்பான சைவர்கள் அதையும் மனதில் வையுங்கள்.

சாப்பிட்ட பிறகு பழைய ஊர்ப்பக்கம் நடந்து வாருங்கள். உம்பெர்த்தோ தெருவில் மணிக்கூண்டு மட்டும் இடியாமல் நின்றது. இப்போது அங்கே கட்டுமான வேலை நடக்கிறது, தடுப்பு போட்ட இடத்துக்குள் போகாதீர்கள். முக்கியமாக, இடிபாட்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அப்படி வந்தவர்கள் மீது ஊர்க்காரர்கள் வெளிப்படையாகவே கோபப்பட்டிருக்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது. பாஸ்தாவையும் இறந்தவர்களையும் சேர்த்து ஜோக் எதுவும் வேண்டாம். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அப்படிக் கேலிச்சித்திரம் போட்டு, நகராட்சி வழக்கே தொடுத்தது. நிலநடுக்கத்தில் யாரை இழந்தீர்கள் என்று பரிமாறுகிறவரிடம் நீங்களாகக் கேட்காதீர்கள், அவராகப் பேசினால் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். சீஸ் எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், அதற்குச் சந்தோஷமாகப் பதில் வரும், முகவரியும் கிடைக்கும். கிளம்பும்போது அந்தச் சீஸில் ஒரு துண்டு வாங்குங்கள். இறைச்சியை நாடு விட்டு நாடு எடுத்துப்போகப் பல இடங்களில் தடை உண்டு, உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போக முடியாதவர்களுக்கு வீட்டுச் செய்முறை. ஊர் நகராட்சியே தன் பெயரில் வெளியிட்ட அளவு இது: ஸ்பகெட்டி 500 கிராம், குவாஞ்சாலே எனப்படும் பதப்படுத்திய பன்றிக் கன்னம் 125 கிராம், தக்காளி ஆறேழு அல்லது தோலுரித்த டின் தக்காளி 400 கிராம், துருவிய பெக்கோரினோ 100 கிராம், ஆலிவ் எண்ணெய் ஒரு கரண்டி, வெள்ளை ஒயின் சிறிது, மிளகாய் ஒரு துண்டு, உப்பு. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையவே கிடையாது. 2015-இல் ஒரு பிரபல சமையல்காரர் தன் அமத்ரிச்சானாவில் பூண்டு போடுவேன் என்று டிவியில் சொன்னதற்கு நகராட்சி அதிகாரபூர்வமாக மறுப்பு வெளியிட்டது. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தச் செய்முறையைப் பாரம்பரியச் சிறப்பு உணவாகப் பதிவு செய்தது.

குவாஞ்சாலேயை விரல் நீளப் பட்டைகளாக நறுக்குங்கள். இரும்பு வாணலி இருந்தால் அதில், எண்ணெயும் மிளகாயும் போட்டுச் சூடானதும் இறைச்சியைச் சேருங்கள். கொழுப்பு கண்ணாடி போலத் தெளிந்து உருகி, ஓரங்கள் பொன்னிறமாகி, சடசடப்புச் சத்தம் கொஞ்சம் தணியும்போது ஒயினை ஊற்றி வற்ற விடுங்கள். இப்போது துண்டுகளை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். சோம்பலில் பலர் விடுகிற படி இதுதான், வாணலியிலேயே விட்டால் காய்ந்து உப்புக் கரித்துவிடும். அந்தக் கொழுப்பிலேயே நறுக்கிய தக்காளி, அளவாக உப்பு, சில நிமிடம் கொதி. மிளகாயை எடுத்துவிட்டு இறைச்சியைத் திரும்பச் சேருங்கள். பாஸ்தா முழுதாக வேகாமல் நடுவில் லேசான கடி இருக்கும்போதே வடித்து, அகலமான பாத்திரத்தில் கொட்டி, முதலில் சீஸைப் போட்டுச் சில விநாடி பொறுங்கள், அது சூட்டில் இளகி ஒவ்வொரு இழையிலும் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகுதான் சாஸ். வரிசையை மாற்றினால் சீஸ் திரளும். ரோமானோ வகைப் பெக்கோரினோ உப்பு தூக்கலானது, அதை வாங்கினால் சாஸில் உப்பைக் குறையுங்கள்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் வடக்கே நோர்ச்சா வழியாகக் காஸ்தெல்லூச்சோ சமவெளிக்குப் போங்கள். தோல் மெல்லிய குட்டிப் பருப்புக்குப் பேர்போன இடம், ஊற வைக்காமலே வேகும். 2016 அக்டோபர் நிலநடுக்கத்தில் சாலை உடைந்து ஊர் துண்டிக்கப்பட்டது. அடுத்த வசந்தத்தில் விதைப்பை விட்டுவிட முடியாது என்று விவசாயிகள் டிராக்டர்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு பாதுகாப்போடு மேலே ஏறி விதைத்தார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை பூக்கும் காலம், வார இறுதியில் கார்கள் அடைத்துக்கொண்டு நகரவே நகராது, வார நாளில் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வண்டியை வயலோரப் புல்லில் ஏற்றாதீர்கள், படம் எடுக்கப் பூக்களுக்கு உள்ளே இறங்காதீர்கள், மிதிபடுவது இன்னொருவர் அறுவடை. பருப்பை உழவரிடமே அரைக் கிலோ பையாக வாங்கலாம்.